நெஞ்சளவுத் தண்ணீர்

சிலார்டு தண்ணீரை விட்டு ஓடியபோது மணி ஒன்பது பதினாலு. போட்டி தொடங்கிப் பதினாலே நிமிஷம். ஓடினான் என்றால் நிமிர்ந்து ஓடவில்லை. முழங்காலை மடித்து, தலையை நாணல் மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி, கோழி திருட வந்தவன் மாதிரி குனிந்து குனிந்து போனான். நாற்பத்தெட்டு வயசு ஆள். டோம்போவார் ரயில் நிலையத்தில் இருபத்து மூன்று வருஷமாக சிக்னல் அறையில் உட்கார்ந்திருப்பவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். அப்படிப்பட்டவன் பாலட்டோன் ஏரிக்கரையில் உடம்போடு ஒட்டிய போட்டி உடுப்பும் வெறுங்காலுமாகப் புதருக்குள் ஒளிந்து போகிறான் என்றால் வேறென்ன காரணம் இருக்கும்? வெட்கம்தான்.

நாணல் முடிகிற இடத்தில் மீன்பிடிக்கிறவர்கள் படகு வைக்கும் பலகைக் கொட்டகை ஒன்று இருந்தது. கதவில் பூட்டு இல்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்து வைத்த படகின் மேல் உட்கார்ந்தான். நீலத் தொப்பியைக் கழற்றி உடுப்புக்குள் திணித்தான். இரண்டு கையிலும் கறுப்பு மையில் இருநூற்றுப் பதினாலு என்று எழுதியிருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான், போகவில்லை.

எல்லாம் போன அக்டோபரில் ஆரம்பித்தது. சிலார்டின் மனைவி போர்கா. அவளுடைய அண்ணன் வெண்டெல், அதே ஊரில் கறிக்கடை வைத்திருக்கிறான். ஐம்பத்திரண்டு வயசில் டிரையத்லான் பைத்தியம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் மூச்சுவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற அந்தக் கூத்துக்காகக் கடையைக்கூட ஒரு மணி நேரம் தாமதமாகத் திறப்பான். அவனுடைய சைக்கிளைப் பெண்டாட்டி தொட்டால்கூடப் பிடிக்காது, இரவில் படுக்கையறையில்தான் நிற்கும். காலண்டரில் அவன் பேர் வருகிற நாளுக்கு வைத்த பெயர்நாள் விருந்தில் சிலார்டு மூன்றாவது தட்டு பன்றி வறுவலுக்குக் கை நீட்டியபோது வெண்டெல் மேசையின் அந்தக் கோடியிலிருந்து சத்தமாகச் சொன்னான்.

"மாப்ளே, பாத்து. நீ பாலட்டோன்ல காலை வச்சா தண்ணி ஏறி வடகரைக்காரன் வீடெல்லாம் முழுகிரும். அப்புறம் கேஸு எம்மேல வரும்."

இருபத்திரண்டு பேர் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த போர்காவும் சிரித்தாள். அதுதான் சிலார்டுக்குச் சுருக்கென்று தைத்தது. உள்ளே போயிருந்த பழச்சாராயமும் சேர்ந்துகொண்டது.

"அடுத்த ஜூலைல நானும் வரேன் மச்சான். உன்கூடவே நிக்கிறேன்" என்றான்.

"நீயா? மொதல்ல நீச்சல் தெரியுமாடா உனக்கு?"

"கத்துக்கிறேன்."

கற்றுக்கொண்டான், அதைத்தான் சொல்ல வேண்டும். ஒன்பது மாசம் ஒரு நாள் விடாமல் ஷிஃப்ட் முடிந்ததும் ஊர் நீச்சல்குளத்துக்குப் போனான். முதல் மாசம் ஒரு கோடி போய்ச் சேர்வதற்குள் நுரை தள்ளியது. பழைய சைக்கிள் ஒன்றைத் துடைத்து எடுத்தான். காதோரம் நரைத்த கிழவிகள் எல்லாம் அவனை ஓட்டத்தில் முந்திப் போனார்கள், அதையும் பொறுத்துக்கொண்டான். பதினாலு கிலோ இறங்கினான். ஜூன் மாசம் இருபத்தைந்து மீட்டர் குளத்தில் அறுபது தடவை நிற்காமல் போய்வந்தபோது சிக்னல் அறையில் கேக் வெட்டினார்கள். ஸ்டேஷன் மாஸ்டரே போட்டோ எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

வெண்டெல் ஒன்றே ஒன்று சொன்னான். "ஒரு தடவையாவது ஏரில எறங்கிப் பாரு மாப்ளே. குளத்துல அடியில கோடு போட்டு வச்சிருப்பான். ஏரில எவன் போட்டு வச்சிருக்கான்?"

"தண்ணி தண்ணிதானே மச்சான்" என்றான் சிலார்டு. அவன் வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

ஏன் என்றால், பாலட்டோன் தண்ணீர் பால் கலந்த பச்சை. கையை நீட்டினால் முழங்கைக்கு அப்பால் தெரியாது. துப்பாக்கி வெடித்ததும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் திபுதிபுவென்று ஓடினார்கள். தென்கரை அப்படி, நடந்துகொண்டே இருக்கலாம். நெஞ்சளவு வந்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள். சிலார்டும் பாய்ந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான். கோடு இல்லை. தரை இல்லை. தன் கையே இல்லை. முன்னால் போனவன் குதிகால் மூக்கில் இடித்தது, பின்னால் வந்தவன் முதுகில் ஏறினான். நெஞ்சுக்குள் யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல மூச்சு நின்றுவிட்டது. கையைக் காலை உதறினான். தண்ணீர் குடித்தான். செத்தோம் என்றே முடிவு கட்டிவிட்டான். அப்போது கால் மண்ணில் பட்டது.

எழுந்து நின்றான். தண்ணீர் நெஞ்சு வரைதான் இருந்தது.

அதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது. ஆழத்தில் திணறியிருந்தால் ஊர் இரக்கப்படும். ஆறு வயசுப் பிள்ளை அப்பன் தோளில் உட்கார்ந்து விளையாடுகிற தண்ணீரில் ஒரு ஆம்பளை செத்துப் பிழைத்தான் என்றால்? காவல் படகில் ஒருவன் துடுப்பு போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து, "சரியா இருக்கீங்களா?" என்று கேட்டான். சிலார்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். படகு முன்னால் போய்விட்டது. மறுபடி இரண்டு தடவை முகத்தை வைத்துப் பார்த்தான், இரண்டு தடவையும் அதே தாழ்ப்பாள். கூட்டம் முதல் மிதவையைத் தாண்டியபோது அவன் இடது பக்கம் நாணலைப் பார்த்து நகர ஆரம்பித்தான்.

நல்லாக் கேட்டுக்கொள்ளுங்கள். டிரையத்லானில் பாதியில் விடுவது குற்றமே இல்லை. நூற்றில் பத்துப் பேர் விடுகிறார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான். நேரே நடுவர்களிடம் போய், "நான் விட்டுட்டேன்" என்று சொல்லி, கணுக்காலில் கட்டிய, நேரம் கணக்கிடுகிற சிப்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். காலையில் தலைமை நடுவர் திஹமேர் ஒலிபெருக்கியில் இதை மூன்று தடவை சொன்னார். தண்ணீருக்குள் போனவர்கள் எண்ணிக்கையும் வெளியே வந்தவர்கள் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் இந்த விளையாட்டின் முதல் விதி. சிலார்டின் காதிலும் விழத்தான் செய்தது. விடப்போகிறவர்களுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அப்போது வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

கொட்டகையில் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டான். எல்லோரும் சைக்கிளில் கிளம்பட்டும். கூட்டம் குறைந்ததும் நொண்டிக்கொண்டே போகலாம். "கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, அரைவாசி தூரம் போய்த் திரும்பிட்டேன்" என்று சொல்லலாம். கார்ச் சாவியும் போனும் போர்காவிடம் இருந்ததால் வேறு வழியும் இல்லை. நொண்டுவது எந்தக் கால் என்றுகூட யோசித்து வைத்தான். இடது கால்.

பலகை இடுக்கில் கரை முழுவதும் தெரிந்தது. ஒன்பது இருபத்தைந்துக்கு வெண்டெல் தண்ணீரிலிருந்து வந்தான், அவன் வயசுக்காரர்களில் முதல் ஆளாக. இந்த வருஷத்தின் நாலாவது போட்டி இது, கடைசியும் இதுதான். இதிலும் முதலில் வந்தால் நாட்டின் பேர் எழுதிய சட்டை போட்டுக்கொண்டு வெளிநாட்டில் போட்டியிடலாம். அதற்காக எட்டு வருஷமாகத் தவம் கிடக்கிறான். சிலார்டுக்குப் பொறாமைகூட வரவில்லை, ஓடு மச்சான் ஓடு என்றுதான் மனசுக்குள் சொன்னான்.

ஒன்பது ஐம்பதுக்கு ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது.

"எண் இருநூற்றுப் பதினாலு. எங்கே இருந்தாலும் நடுவர் கூடாரத்துக்கு வரவும்."

கடைசி நீச்சல்காரரும் ஏறிவிட்டார் போலிருக்கிறது. இப்போது போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்சம் ஆறட்டும் என்று உட்கார்ந்தான். மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது திஹமேரின் குரல் மாறியிருந்தது, எண்ணைச் சொல்லவில்லை, பேரைச் சொன்னார். அதன் பிறகு கூப்பிடவே இல்லை. அந்த அமைதிதான் சிலார்டைப் பலகை இடுக்குக்கு இழுத்தது.

காவல் படகுக்காரன் தண்ணீரைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அதைப் பார்த்ததும் சிலார்டுக்குப் புரிந்துவிட்டது. கடைசியாகப் பார்த்த இடத்தைச் சொல்கிறான்.

கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். லாங்கோஷ் என்கிற எண்ணெய் ரொட்டி சுடும் கடைக்காரி மாவுக் கையோடு வந்தாள். நீச்சல் முடித்துச் சைக்கிளை எடுக்கப் போன கடைசிப் பத்துப் பேர் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தார்கள். கையோடு கை கோத்து, கரையிலிருந்து நெஞ்சளவு ஆழம் வரைக்கும் ஒரே வரிசையாக நின்று, காலால் தரையைத் துழாவிக்கொண்டே மெல்ல நடந்தார்கள். பாலட்டோன் கரையில் பிறந்த எல்லோருக்கும் அந்த வரிசை எதற்கு என்று தெரியும். உயிரோடு இருப்பவனைத் தேடுவதற்கு அப்படி நடக்க மாட்டார்கள்.

படகுத்துறை நுனியில் போர்கா நின்றாள். இடுப்பு வரை நனைந்திருந்தாள். அவனை எப்போதும் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடவில்லை. ஒரு தடவை "சிலார்டு" என்றாள், கொஞ்சம் பொறுத்து மறுபடி "சிலார்டு" என்றாள், பதில் வரும் என்ற நம்பிக்கையே இல்லாமல்.

சிலார்டு தாழ்ப்பாளில் கை வைத்தான். சத்தியமாக வைத்தான். அந்த நேரம் பார்த்து வெண்டெல் சைக்கிளில் இரண்டாவது சுற்றின் கடைசிக்கு வந்து சாலைத் திருப்பத்தில் தெரிந்தான். சுற்று முடியும் கோட்டுக்கு இன்னும் முப்பது அடிகூட இல்லை. தங்கை துறையில் நிற்பதைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான். பிரேக் பிடித்த சத்தம் கொட்டகை வரை கேட்டது. படுக்கையறையில் நிறுத்துகிற அந்தச் சைக்கிளைத் தூக்கி வேலிப்பக்கம் எறிந்துவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் ஓடினான். வரிசையைத் தாண்டி, கால் எட்டாத இடத்துக்குப் போய் முங்கினான்.

இப்போது தாழ்ப்பாளிலிருந்து சிலார்டின் கை இறங்கிவிட்டது. சே, என்ன மனுஷன் என்று நீங்கள் திட்டலாம், திட்டுங்கள். ஆனால் அவன் நிலைமையையும் பாருங்கள். ஒன்பதே காலுக்குப் போயிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஒன்பது ஐம்பதுக்குப் போயிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். இப்போது போனால் வெண்டெலின் எட்டு வருஷத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அஞ்சு நிமிஷம் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பச் சைக்கிள் ஏறிவிடுவான், அதன் பிறகு போவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது.

அஞ்சு நிமிஷமும் ஆயிற்று, பத்தும் ஆயிற்று. வெண்டெல் முங்கினான், எழுந்தான், முங்கினான்.

வடக்கே பக்கோனி மலைப்பக்கம் வானம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. துறைமுகத்துப் புயல் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து தடவை சிமிட்டினால் எச்சரிக்கை. தொண்ணூறு தடவை சிமிட்டினால் ஒருவரும் தண்ணீரில் இருக்கக் கூடாது. சிலார்டு சிக்னல்காரன், விளக்கைப் பார்த்தால் அவன் உதடு தானாக எண்ணும். நாற்பத்தைந்து எண்ணினான். கொஞ்ச நேரத்தில் காற்று கொட்டகைக் கதவை ஆட்டியது, ஏரி முழுக்க வெள்ளை வெள்ளையாக அலை எழுந்தது. மறுபடி எண்ணினான். அரை நிமிஷத்திலேயே நாற்பத்தைந்து வந்துவிட்டது.

திஹமேர் விசில் ஊதினார். வரிசை கலைந்து கரைக்கு வந்தது. கூடாரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து, அதோடு ஒலிபெருக்கியும் செத்தது. மீட்புக்கென்று இருந்த ஒரே மோட்டார் படகு எங்கோ தொலைவு மிதவைப் பக்கம் போயிருந்தது, கண்ணில் படவில்லை. எல்லோரும் வந்துவிட்டார்கள். வெண்டெல் வரவில்லை. தலைக்கவசத்தை எப்போதோ எறிந்துவிட்டிருந்தான், அவன் தலை அலைக்கு நடுவில் தெரிந்தது, மறைந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நேரம் கழித்துத்தான் மேலே வந்தது.

"வாங்கய்யா வெளியே" என்று திஹமேர் தொண்டை கிழியக் கத்தினார். காற்று அதை அப்படியே தெற்கே அள்ளிக்கொண்டு போயிற்று.

இவன் செத்ததாக நினைத்து ஒருத்தன் சாகப்போகிறான். அந்த நினைப்பு வந்த பிறகு தாழ்ப்பாளை எப்போது திறந்தான் என்று சிலார்டுக்கே தெரியாது. மழை அப்போதுதான் சாய்ந்து அடிக்க ஆரம்பித்தது. கரையில், காற்றுக்குப் பயந்து சைக்கிளை விட்டுத் திரும்பிய போட்டியாளர்களும் சேர்ந்து, எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கூடாரத்தைப் பிடிக்கவும் சைக்கிள்களை இழுக்கவுமாக இருந்தார்கள். ஒட்டுடுப்போடு ஓடுகிற ஐம்பது பேரில் இவன் ஐம்பத்தொன்றாவது ஆள். ஒருவரும் பார்க்கவில்லை.

போர்கா பார்த்தாள். துறை நுனியிலிருந்து திரும்பியவள் நேருக்கு நேராக அவனைப் பார்த்துவிட்டாள். நாணல் பக்கத்திலிருந்து, இன்னும் சரியாக நனையாத தலைமுடியோடு, ஓடி வருகிறவனை. பேயறைந்தவள் போல நின்றாள். அவள் கண் அவன் தலைமுடிக்குப் போனது, வந்த பாதைக்குப் போனது, கொட்டகைக்குப் போனது. அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"அண்ணன் உள்ள இருக்கான்" என்றாள்.

சிலார்டு வாயைத் திறந்தான்.

"போ."

போனான். இடுப்பளவில் அலை அவனை இரண்டு தடவை புரட்டியது. நெஞ்சளவு வந்ததும் நின்றான். அதே இடம். முன்னால் பச்சைப் பாலாகக் கொதித்துக்கொண்டிருந்தது ஏரி. இனி ஒரு அடி வைத்தால் தரை இல்லை. தாழ்ப்பாள் விழுந்துவிட்டது, காலையில் விழுந்த அதே தாழ்ப்பாள். பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எங்கேயும் போகவில்லை. அந்த மூச்சில்லாத நெஞ்சோடுதான் முகத்தை உள்ளே வைத்தான். வைத்து, வாய்க்குள் எண்ண ஆரம்பித்தான். ஒரு கை, இரண்டு கை. பத்தில் தண்ணீர் குடித்தான், இருமினான், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். அலை தூக்கும்போது தலையை நிமிர்த்தி வெண்டெலைத் தேடினான். ஒரு தடவை தெரிந்தான். அடுத்த தடவை தெரியவில்லை. அப்புறம் ரொம்ப நேரம் தெரியவே இல்லை.

அவன் அந்த ஏரியில் அழுதுகொண்டே நீந்தினான்.

கடைசியில் மோதித்தான் கண்டுபிடித்தான். முங்கி எழுந்த வெண்டெலின் தோள் இவன் முகவாயில் இடித்தது. வெண்டெலின் உதடு நீலமாகியிருந்தது, கண் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் கை பார்த்துவிட்டது. சிலார்டின் கழுத்துக்குக் குறுக்கே கையைப் போட்டு, தலையைத் தன் மார்பில் சாய்த்து, மல்லாந்து இழுக்க ஆரம்பித்தான்.

"மச்சான், நான் நீந்துறேன். விடு."

"பேசாத. மூச்சு விடு."

"மச்சான், கேளு..."

"மூச்ச விடுடா மாப்ளே. வந்துட்டேன். புடிச்சுட்டேன்."

அந்தப் பிடியில் எதிர்த்தால் இரண்டு பேரும் முழுகுவோம் என்று சிலார்டுக்குத் தெரிந்தது. வெண்டெலின் கால் பாதி ஓய்ந்துபோயிருந்தது. அதனால் மல்லாந்தபடியே தண்ணீருக்குள் தன் காலை உதைத்துக்கொண்டே வந்தான். இழுத்தது யார் இழுபட்டது யார் என்று ஏரிக்குத்தான் வெளிச்சம். நெஞ்சளவுக்கு வந்தபோது பத்துப் பேர் ஓடி வந்து இருவரையும் தூக்கினார்கள்.

கரையில் கை தட்டினார்கள். மழைக்குள் நின்று அழுதுகொண்டே தட்டினார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண்மணி தன் ஜாக்கெட்டைக் கழற்றி சிலார்டின் தோளில் போர்த்தினாள். "பாவம், பனி மாதிரி சில்லிட்டுக் கெடக்காரு" என்று முதுகைத் தேய்த்துவிட்டாள். வெண்டெல் மணலில் உட்கார்ந்து பல் கிட்டிக்க திஹமேரிடம் சொன்னான்.

"அடியில கெடந்தான் சார். முடியைப் புடிச்சு மேல கொண்டாந்தேன். ஒரு நிமிஷம் விட்டிருந்தா போயிருப்பான்."

அப்படித்தான் நடந்தது என்று அவன் நம்பினான். திஹமேர் மண்டியிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவர் நேர்மையானவர். "வெண்டெல், போட்டியை நிறுத்திட்டோம். ரெண்டாவது சுத்து முடிவுல யார் எங்க இருந்தாங்களோ அதுதான் கணக்கு. நீங்க கோட்டைத் தாண்டல. மன்னிச்சிருங்க."

வெண்டெல் ஒரு கணம் அவரைப் பார்த்தான். அப்புறம் சிலார்டின் முழங்காலில் தட்டினான். "அதனால என்ன சார். ஆளு இருக்கான்ல."

போர்கா ஐந்தடி தள்ளி நின்றாள். கொட்டகையைப் பற்றி அவள் சொல்லப் போவதில்லை என்பது சிலார்டுக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவள் அண்ணன் வீரன், புருஷன் பிழைத்தவன். அவளுக்கு அது போதும் என்றால் போதும்தான். இவன் வாயை மூடிக்கொண்டு இருமினால் போதும், ஆயுசுக்கும் இப்படியே ஓட்டிவிடலாம். வெண்டெலும் சந்தோஷமாக இருப்பான். யாருக்கு நஷ்டம்?

சிலார்டு வெண்டெலின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் இருபது வருஷம் எப்படிச் சாப்பிடுவது?

"மச்சான், நான் முழுகல" என்றான்.

"என்னடா?"

"நான் முழுகவே இல்ல. நெஞ்சளவுத் தண்ணில பயந்துட்டேன். முகத்தை உள்ள வைக்க முடியல. நாணல் வழியா ஏறி அந்தக் கொட்டகைல போய் ஒளிஞ்சுக்கிட்டேன். கூப்பிட்டதெல்லாம் கேட்டுச்சு. வெக்கமா இருந்துச்சு, வரல. நீ எழுந்து வரலன்னதும்தான் வந்தேன்."

இதைச் சத்தமாகத்தான் சொன்னான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. கை தட்டியவர்களின் கை கீழே இறங்கியது. ஒருவன் அசிங்கமாகத் திட்டிவிட்டுத் துப்பினான். லாங்கோஷ் கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். மஞ்சள் சட்டைப் பெண்மணி குனிந்து, அவன் தோளிலிருந்த ஜாக்கெட்டை எடுத்து, உதறி, கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நடந்தாள். திஹமேர் கணுக்கால் சிப்பைத் தானே கழற்றி எடுத்தார். சிலார்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் மணலில் மூன்று பேர்தான் மிச்சம்.

"எப்பலேர்ந்து?" என்றான் வெண்டெல்.

"ஒம்பதே காலுலேர்ந்து."

"நான் சைக்கிளைத் தூக்கிப் போட்டதைப் பார்த்தியா?"

இதற்காவது பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"பார்த்தேன்."

வெண்டெல் எழுந்தான். போர்கா பிடிக்கப் போனாள், கையை உதறிவிட்டான். மழைக்குள் வேலிப்பக்கம் நடந்து போய்ச் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். முன்சக்கரம் வளைந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே முதுகைக் காட்டி நின்றான். போர்கா சிலார்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள், தொடவில்லை. அவர்கள் வீட்டு வாசல்படியை இனிமேல் வெண்டெல் மிதிக்க மாட்டான் என்று சிலார்டு முடிவு கட்டிவிட்டான்.

சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வெண்டெல் திரும்பி வந்தான். எதிரில் நின்றான். அவன் முகத்தில் வழிந்தது மழை மட்டும் இல்லை.

"கீழ ஒரு மரக்கட்டை கெடக்கு" என்றான். "ரெண்டு தடவை அதைத்தான் உன் காலுன்னு புடிச்சேன். ஒவ்வொரு தடவை மேல வரும்போதும் உன் பசங்ககிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். கடைசில ஒரு வார்த்தை தயார் பண்ணி வச்சிருந்தேன்."

"என்ன வார்த்தை?"

"உங்கப்பன் தண்ணிப்பக்கமே வராதவன், நான்தான் கிண்டல் பண்ணியே கொண்டுபோய்த் தள்ளினேன்னு."

கொட்டகையில் உட்கார்ந்து அத்தனை பேரையும் நினைத்துப் பயந்தவன், இதை மட்டும் நினைக்கவே இல்லை. சிலார்டு விக்கி விக்கி அழுதான்.

"எந்திரி" என்றான் வெண்டெல். "உம்மேல உள்ள கோவம் எனக்கு லேசுல போகாது. இந்த வருஷம் போகாது. அதுக்காக இங்கயே ஒக்காந்திருப்பியா?"

கையை நீட்டினான். சிலார்டு பிடித்துக்கொண்டு எழுந்தான். மூன்று பேரும் காரைப் பார்த்து நடந்தார்கள். வெண்டெல் வழி முழுக்க அவன் கையை விடவில்லை. தண்ணீருக்குள் பிடித்த அதே பிடி, நகம் பதிகிற மாதிரி. வலித்தது, சிலார்டு சொல்லவில்லை.